பதினான்கு சென்டிமீட்டர் அலமாரி

ஸ்தமெனா கோலெவாவின் கட்டிலுக்கு அடியில், டைல்ஸ் பெட்டிகளின் அட்டை மூடிகள் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் ஒரு குளியலறையோ சமையலறையோ பென்சிலால் வரையப்பட்டிருந்தது. மேல் மூலையில் தெரு, கட்டட எண், வாசல், மாடி, தேதி. 1998ஆம் ஆண்டு முதல் ரூசே நகரத்தில் அவள் ஒட்டிய டைல்ஸ் அத்தனைக்கும் அந்த மூடிகளே சான்று. எந்த வீட்டுச் சுவருக்குள் எந்தக் குழாய் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று பத்து ஆண்டு கழித்து யாராவது தொலைபேசியில் கேட்டாலும், கால் மணி நேரத்தில் உரிய மூடியை உருவியெடுத்துப் பதில் சொல்லிவிடுவாள்.

அவள் பிறந்தது 1974இல். கட்டுமானத் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு, பெண்களே நிறைந்த ஒரு பூச்சுவேலைக் குழுவில் சேர்ந்தாள். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தி இணைத்த எட்டு மாடிக் கட்டடங்கள் சாரோதெய்கா பகுதியில் கடைசிக் கடைசியாக எழும்பிய காலம் அது. 1997இல் குழு கலைந்தது. அடுத்த ஆண்டு கணவன் வேலை தேடி ஸ்பெயினுக்குப் போனான். முதலில் பணம் வருவது நின்றது, பிறகு தொலைபேசி. ஸ்தமெனா ஒரு டைல் வெட்டும் கருவியும் முழங்காலுக்கு இரண்டு ரப்பர் உறையும் வாங்கிக்கொண்டு, தனியாளாக வேலைக்கு இறங்கினாள்.

அளப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. அதிலிருந்து இம்மியும் விலக மாட்டாள். ஒவ்வொரு சுவரையும் தரையில் ஒருமுறை, இடுப்புயரத்தில் ஒருமுறை, கூரையடியில் ஒருமுறை அளப்பாள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. மூன்றில் எது குறைவோ அதுவே கணக்கு. டேப்பின் கொக்கி தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் பொய் சொல்கிறது என்று தெரிந்த நாளிலேயே அதைக் குப்பையில் போட்டவள் அவள்.

இந்த முறைக்கு 2022 அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. ஊரில் இருப்பவர்கள் குளியலறையைப் புதுப்பிப்பதில்லை. புதுப்பிப்பவர்கள் ஊரில் இருப்பதில்லை. சாவி அண்டைவீட்டில் இருக்கும், உரிமையாளர் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருப்பார். அப்படி வியன்னாவில் இருந்த ஒருவருக்கு, வழக்கம்போல் அட்டை மூடியைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"அக்கா, இது என்ன, பீட்சா டப்பாவா?"

"டைல்ஸ் பெட்டி மூடி."

"மூடிதான் தெரியுதே. அதுல பாத்ரூம் எங்க இருக்கு?"

வேலை, ஒரே நிறச் சட்டை அணிந்த மூன்று ஆட்கள் கொண்ட ஒரு புதிய நிறுவனத்துக்குப் போயிற்று. அவர்கள் மறுநாளே வண்ணத்தில் வரைபடம் அனுப்பியிருந்தார்கள். கழிப்பறைக்கு மேலே ஒரு பூந்தொட்டிகூட வரைந்திருந்தார்களாம். அதற்குப் பின் டிசம்பருக்குள் இன்னும் இரண்டு வேலைகள் அதே வழியில் போயின.

கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்தும் வரைபட மென்பொருளின் விலையை விசாரித்தாள். அந்தத் தொகைக்கு அவளுடைய வேனை விற்றாலும் பற்றாது. பிறகு கைத்தொழிலாளர்களின் இணையக் குழு ஒன்றில், தனியாகத் தொழில் செய்பவர்களுக்கென்றே மலிவாக வந்திருக்கும் ஒன்றைப் பற்றி ஒரு மின்பணியாளர் எழுதியிருந்ததைப் படித்தாள். ஓர் ஆண்டுக் கட்டணம், நல்ல டைல் பசை இரண்டு மூட்டையின் விலை. ஜனவரி ஒன்பதாம் தேதி வாங்கினாள். பழைய மடிக்கணினி ஒன்றையும் சேர்த்து.

அவளோடு பல வீடுகளில் குழாய் வேலை பார்த்த கென்சோவுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. அவனுக்கு ஐம்பத்தாறு வயது. வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை.

"மேஸ்திரியம்மா, கம்ப்யூட்டர் டைல்ஸ் ஒட்டுமா?"

"ஒட்டாது அண்ணே. ஆனா விதைத் தோல தரையில துப்பாது."

முதல் மாதம் அந்த மென்பொருளுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. உலகத்தில் எல்லா மூலையும் நேராகத்தான் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. சாரோதெய்காவில் நேரான மூலை ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் ஒரு சுவருக்கு மூன்று அளவு வைத்திருந்தாள். அது ஒன்றைத்தான் கேட்டது. குறைந்ததைக் கொடுத்தாள். குறுக்களவைக் கொடுக்க இடமே இல்லாததால், அதைக் குறிப்புப் பெட்டியில் எழுதிவைத்தாள். பயிற்சிக்காக, அதற்கு முந்தைய ஆண்டு தான் வேலை செய்த ஒரு வீட்டின் மூடியை எடுத்து முழுவதுமாக வரைந்தாள்: கட்டடம் 27, இரண்டாம் வாசல், ஐந்தாம் மாடி, வீடு 14. மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் அதே வீட்டை நாற்பது நிமிடத்தில் வரைந்தாள். பிப்ரவரி முடிவதற்குள், வீடு முழுவதையும் திரையில் சுழற்றிக் காட்டவும், குளியலறைக்குள் ஒரு பூந்தொட்டியை வைக்கவும் கற்றுக்கொண்டாள்.

மார்ச் பதினைந்தாம் தேதி, புதன்கிழமை, ஜெர்மனியிலிருந்து யாவோர் ராய்ச்செவ் அழைத்தான். லாரி ஓட்டுநர், நாற்பத்தொரு வயது, பதினெட்டு ஆண்டாக அங்கே வாசம். அப்பா ராய்ச்சோ இறந்து ஆறு ஆண்டு ஆகிறது. அம்மா தோன்காவை அப்போது தன்னோடு அழைத்துச் சென்றவன், இந்த ஈஸ்டருக்கு அவளை ஊருக்குத் திரும்பக் கூட்டிவருகிறான். அதற்குள் குளியலறை புதிதாக வேண்டும். வீடு: கட்டடம் 27, இரண்டாம் வாசல், ஐந்தாம் மாடி, எண் 15.

"மூணு பேர்கிட்ட கேட்டிருக்கேன் அக்கா, அந்த ஒரே கலர் சட்டக்காரங்ககிட்டயும்தான். வெள்ளிக்கிழம சாயங்காலத்துக்குள்ள படம் வரணும். சனிக்கிழம முடிவு பண்ணிருவேன். சாவி பதினாறாம் நம்பர் மாரா அத்தைகிட்ட இருக்கு."

மாரா அத்தை திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்யக் கிராமத்துக்குப் போயிருந்தாள். சாவி அவளுடைய கைப்பையில். தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, "திங்கக்கெழம வரேன், அதுக்குள்ள பாத்ரூம் ஓடியா போயிரும்?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஸ்தமெனா யோசித்தாள். வீடு 15 என்பது, வீடு 14க்கு நேர் எதிர்வீடு. பலகைக் கட்டடங்களில் படிக்கட்டுக்கு இருபுறமும் உள்ள வீடுகள், ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். இந்த ஊரில் டைல்ஸ் ஒட்டுபவர், குழாய் வைப்பவர், கதவு மாட்டுபவர் எல்லோரும் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஒரு வீட்டை அளந்தவன் பதினாறு வீட்டை அளந்தவன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வீடு 14 ஏற்கெனவே மென்பொருளில் இருந்தது. திரையின் மேல்பக்கத்தில், இரண்டு முக்கோணங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பொத்தானும் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அதை அழுத்தினாள். வீடு ஒரு நொடியில் புரண்டு படுத்தது. எண்ணை மாற்றி, மார்ச் 17 என்று தேதியிட்டு, பூந்தொட்டியோடு அனுப்பினாள். இருபத்தைந்து ஆண்டில், தான் அளக்காத சுவரை அவள் வரைந்தது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை காலையிலேயே பதில் வந்தது. வேலை அவளுக்குத்தான். மற்ற இருவருடைய படத்திலும் கதவு தவறான பக்கம் திறந்ததாம். "உங்க படத்தப் பாத்ததும் எங்க வீட்டுக்குள்ள நடந்து போன மாதிரியே இருந்துச்சு அக்கா" என்றான் யாவோர். பிற்பகலில் இன்னொரு செய்தி: ஒரு கடையில் இருப்பு தீர்க்கும் விற்பனை, குளியல் தொட்டி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டான். நீளம் 1.70. படத்தில் சுவருக்குச் சுவர் 1.72 இருக்கிறதே, கச்சிதமாகப் பொருந்தும். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். தன் வேனில் ஏற்றி வருகிறான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாரா அத்தை கதவைத் திறந்துவிட்டாள். குழாய்களைப் பார்ப்பதற்காகக் கென்சோவும் வந்திருந்தான். ஸ்தமெனா குளியலறைக்குள் போய், தொட்டி வைக்க வேண்டிய இடத்தில் மண்டியிட்டு, டேப்பை நீட்டினாள். 1.58. கொக்கி எதிலாவது சிக்கியிருக்கும் என்று எடுத்து மறுபடி வைத்தாள். 1.58. இடுப்புயரத்தில் 1.58. கூரையடியில் 1.59.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தாள். குளியலறைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், தரையிலிருந்து கூரை வரை ஒரு மெல்லிய மரக்கதவு. திறந்தாள். உள்ளே ஏழு தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒற்றை வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். மிளகாய்ச் சட்னி, வெள்ளரி ஊறுகாய், செர்ரிப் பழச் சாறு. ஒவ்வொன்றிலும் காகித ஒட்டு, அதில் ஆண்டு. தட்டின் ஆழம் பதினான்கு சென்டிமீட்டர்.

"ராய்ச்சோ கட்டுனது," என்றாள் மாரா அத்தை. "எம்பத்தேழுல. பழைய சொவத்த எடுத்துட்டு, புதுசா ஒண்ண பாத்ரூமுக்குள்ள தள்ளிக் கட்டிட்டாரு. இந்த வாசல்ல எல்லாருக்கும் தெரியுமே! நீ படம் வரைஞ்சியாமே, யாவோர் சொன்னான். உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

மாரா அத்தை காப்பி போடத் தன் வீட்டுக்குப் போனாள்.

கென்சோ அலமாரிக்குள் தலையை நுழைத்து, பின்சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தான். "ஆறு சென்டி செங்கல். எதையும் தாங்கல, தன்னைத்தானே தாங்கிக்கிட்டு நிக்குது." தலையை வெளியே எடுத்தான். "மேஸ்திரியம்மா, எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? அர நாள் வேல. சொவத்த எடு, பழைய எடத்துல கட்டு. ஒன்னே முக்கால்கிட்ட வந்துரும். தொட்டி உள்ள போயிரும். உன் படமும் சரியாயிரும்."

"கேக்காமயா?"

"எத கேக்கணும்? அவனே படத்தப் பாத்து சரின்னுட்டான். படத்துல அலமாரி இருக்கா? இல்ல. இல்லாதத இடிச்சா எவன் கேப்பான்?"

"அவங்கப்பா கட்டுனது அண்ணே."

"எங்கப்பா ஒரு கோழிக்கூடு கட்டுனாரு. அத இடிச்சப்ப நான் அழுதேனா?" விதைத் தோலைத் துப்பப் போனவன், தரையைப் பார்த்துவிட்டுக் கையில் துப்பிக்கொண்டான். "இங்க பாரு, இத அவன்கிட்ட சொன்னேன்னு வெய்யி, வேல சட்டைக்காரனுங்களுக்குப் போயிரும். அதோட நிக்காது. ஜெர்மனில இருக்குற ரூசேக்காரன் அத்தன பேரும் ஒரே குரூப்புல இருக்கானுங்க. 'அளக்காம படம் வரையிற பொம்பள'ன்னு ஒருத்தன் எழுதுனாப் போதும். திரும்ப நீ பீட்சா டப்பாதான்."

அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அக்டோபர் முதல் அவள் கையைவிட்டுப் போன மூன்று வேலைகளும் அப்படித்தான் போயின. இந்த வேலையும் போனால், வெளிநாட்டிலிருந்து அவளை அழைக்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். உள்ளூரில் அவளுக்குக் கிடைப்பது, உடைந்த டைல் ஒன்றிரண்டை மாற்றும் வேலைதான். அதை வைத்து ஓராண்டுகூட ஓட்ட முடியாது.

அலமாரிக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றாள். பத்து ஆண்டு கழித்து யாராவது அழைத்து இந்தச் சுவர் எப்போது இங்கே வந்தது என்று கேட்டால், தான் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். மார்ச் 17 என்று தேதியிட்ட படத்தில் சுவர் பழைய இடத்தில் இருக்கும். அன்றைக்கு அது அங்கே இல்லை. இடித்துக் கட்டினால் படம் சரியாகிவிடும், தேதி சரியாகாது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு மூடிகளில் அப்படிப்பட்டது ஒன்றுகூட இல்லை.

ஜாடிகளை எண்ணத் தொடங்கினாள்.

"என்ன பண்ற?" என்றான் கென்சோ.

"எண்ணுறேன். கேப்பான்."

யாவோர் அப்போது ஒரு நிறுத்தத்தில் லாரியோடு நின்றுகொண்டிருந்தான். கைப்பேசித் திரையில் அவன் முகமும் கையில் ஒரு ரொட்டித் துண்டும் தெரிந்தன. ஸ்தமெனா சுற்றி வளைக்கவில்லை.

"யாவோர், நான் உங்க வீட்ட அளக்கல. சாவி கெடைக்கல, எதிர்வீட்டுப் படத்தத் திருப்பிப் போட்டு அனுப்பிட்டேன். இப்பத்தான் அளந்தேன். ஒன்னு அம்பத்தெட்டு. உங்க தொட்டி உள்ள போகாது."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "எப்படி அக்கா? நான் படத்தப் பாத்தேனே!"

அவள் கைப்பேசியைத் திருப்பி அலமாரியைக் காட்டினாள். அந்த அலமாரி எழும்பியபோது அவனுக்கு ஐந்து வயது. அவனுக்கு அது எப்போதும் தாழ்வாரத்தில் இருந்த ஒரு கதவு. அதற்குப் பின்னால் குளியலறை நெருக்கப்பட்டிருக்கிறது என்று அவன் ஒருபோதும் நினைத்ததில்லை.

"ஜாடி இன்னும் இருக்கா?"

"நாப்பத்தொண்ணு. பழசு ரெண்டாயிரத்து ஒம்போது."

பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. தாமதமாக வந்தாலும் முழுதாக வந்தது. "படம் எதுக்கு அக்கா கேட்டேன்? நான் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒக்காந்திருக்கேன், எனக்குக் கண்ணு நீங்கதான்னு நம்பித்தானே கேட்டேன்? சாவி கெடைக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா திங்கக்கெழம வரைக்கும் பொறுத்திருப்பேன்ல? அந்தத் தொட்டிய இப்ப யார் தலையில கவுக்குறது? நான் சட்டைக்காரங்களையே கூப்பிட்டுக்கறேன்."

"கூப்பிடுங்க. ஆனா அவங்களும் அளக்காமத்தான் வரைஞ்சிருக்காங்க. சாவி இத்தன நாளா கிராமத்துலதான் இருந்துச்சு, மாரா அத்தை பையில." இதைச் சொன்னதும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. "அது என் தப்ப கொறைக்காது. அலமாரிய எடுத்தா தொட்டி வைக்கலாம். வெச்சுக்கிட்டா சின்னதா ஷவர் வைக்கலாம். எதுவானாலும் நீங்க சொல்லணும். நான் கை வைக்க மாட்டேன்."

"அம்மாவக் கேக்கணும்," என்று சொல்லி அவன் அழைப்பைத் துண்டித்தான்.

கென்சோ தன் கருவிப்பையை மூடிக்கொண்டே, "போச்சு," என்றான். மாரா அத்தை கொண்டுவந்த காப்பியை மூவரும் நின்றபடியே குடித்தார்கள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, ஸ்தமெனா வேனில் இருந்தபோது அழைப்பு வந்தது. எண் ஜெர்மனியினுடையது, குரல் ஒரு வயதான பெண்ணுடையது.

"நீதானா அந்த டைல்ஸ்காரி?"

"நான்தாம்மா."

"செர்ரி எத்தன ஜாடி?"

"ஒம்போது."

"அதுல ஒண்ணக்கூட மாராகிட்ட குடுத்துராத. கேப்பா." தோன்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பக் கேளு. அந்தச் சொவத்த நான் கேக்கவே இல்ல. நான் கேட்டது பால்கனியில ஒரு அலமாரி. நான் ஒரு வாரம் எங்கம்மாவப் பாக்கப் போயிருந்தேன், அந்த மனுஷன் லீவப் போட்டுட்டு பாத்ரூமுக்குள்ள சொவத்தக் கட்டி வெச்சிருக்காரு. ஆசையா கட்டியிருக்காரே, என்னத்தச் சொல்ல? முப்பது வருஷம் தல தேய்க்கும்போதெல்லாம் முழங்கை இடிச்சுச்சு. இடிச்சுத் தள்ளு."

"நெசமாவாம்மா?"

"கதவ மட்டும் ஒடைக்காத. அது நல்ல கதவு, அவரே இழைச்சது. பால்கனியில ஒரு அலமாரி கட்டி, அதுக்கு மாட்டிரு."

பின்னாலிருந்து யாவோர் கைப்பேசியை வாங்கினான். குரலில் முந்தைய நாளின் சூடு முற்றும் தணிந்திருக்கவில்லை. சுவரை இடித்துக் கட்டுவதும் பால்கனி அலமாரியும் அவள் பொறுப்பு. அதற்குத் தனிக் கூலி கிடையாது. வீடு முழுவதையும் மறுபடி அளந்து, ஒவ்வொரு சுவரிலும் டேப் இருக்கும்படி படமெடுத்து வரைபடத்தோடு அனுப்ப வேண்டும். ஸ்தமெனா காணொளியை இயக்கி, அந்த ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பதினெட்டு ஆண்டு வெளியில் இருந்தும், அது சம்மதம் என்பது அவனுக்கு மறந்திருக்கவில்லை.

வீட்டை அளக்க ஒரு நாள் முழுவதும் ஆனது. ராய்ச்சோ வேறெங்கும் கைவைத்திருக்கிறாரா என்று ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தாள். சமையலறை ஜன்னலுக்கு அடியில் மட்டும் ஒரு சிறு மாடம் அகப்பட்டது. அதில் ஒரு ரேடியோவும் பாதிப் புட்டி ராக்கியா சாராயமும் இருந்தன. அளவு எடுத்து, படம் எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். வரைபடத்தில், தானே அளந்த சுவர்களைக் கறுப்புக் கோட்டிலும், கொதிகலன் மறைத்ததால் அளக்க முடியாத ஒரு சுவரைச் சாம்பல் நிறப் புள்ளிக் கோட்டிலும் வரைந்தாள். புள்ளிக் கோட்டின் மேல் 'அளக்கவில்லை' என்று எழுதினாள். இந்த முறை பூந்தொட்டி வைக்கவில்லை.

புதிய சுவர் பழைய கோட்டில் எழும்பிய பிறகு அளந்தபோது, தரையில் 1.71, தொட்டி விளிம்பு வரும் உயரத்தில் 1.69, கூரையடியில் 1.70. எதிர்வீட்டின் 1.72 எந்த உயரத்திலும் இல்லை. யாவோர் வேனோடு வருவதற்கு முந்தைய நாள், எதிர்ப்பக்கப் பழைய பூச்சை விளிம்பு உயரத்தில் ஒரு கையகலத்துக்குச் சுரண்டி எடுத்தாள். பதின்மூன்று மில்லிமீட்டர் கிடைத்தது.

ஏப்ரல் ஆறாம் தேதி தொட்டியை ஒரு முனையில் யாவோரும் மறுமுனையில் கென்சோவும் பிடித்து, சாய்த்து, உள்ளே இறக்கினார்கள். ஓரிடத்தில் சிக்கியது.

"படத்துல போயிருச்சே!" என்றான் கென்சோ.

"ரெண்டு மில்லி தூக்குங்க அண்ணே. பேசாம," என்றாள் ஸ்தமெனா.

தூக்கினார்கள். தொட்டி சுவரை உரசிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தது. தோன்கா தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி, செர்ரி ஜாடிகளை மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஸ்தமெனா மென்பொருளைத் திறந்து பதிவு செய்தாள்: கட்டடம் 27, வீடு 15, விளிம்பு உயரத்தில் 1.703, அளந்தவர் ஸ்த. கோலெவா, 6.4.2023. மார்ச் 17ஆம் தேதிப் படம் அதே பட்டியலில் மேலே இருந்தது. அவள் எந்த மூடியையும் வீசியெறிந்தவள் அல்லள். அதன் பெயருக்குப் பக்கத்தில் 'வீடு 14இலிருந்து திருப்பிப் போட்டது, அளக்காதது' என்று எழுதி, இருந்த இடத்திலேயே விட்டுவைத்தாள்.